“யூடியூபில் பார்த்துக்கொள்ளட்டும்” என்போருக்கு

நீண்ட பதிவு. பொறுமை உள்ளோர் மட்டும் தொடர்க.

சென்ற வாரம், தமிழில் வீடியோ விளையாட்டுகளைப் பற்றி உரையாடும் குழு ஒன்றில் ஒருவர் கேட்டிருந்தார்: ‘சேகிரோ’வில் எளிய நிலை ஏன் இல்லை? கையில் சிக்கல் உள்ளவர்கள் அதை எப்படி ஆடுவது? கேள்வியில் கோபம் இல்லை; கோரிக்கைகூட இல்லை. அறிந்துகொள்ளும் ஆவல் மட்டுமே இருந்தது. வந்த பதில்களுள் மிகுதியான விருப்பக்குறிகளைப் பெற்றது இது: “முடியாதவங்க யூடியூப்ல பாத்துக்கட்டும்.”

கேட்டவர் என் பெரியப்பாவின் மகன். எனக்கு எழுத்து கற்பிக்கப்பட்ட காலத்திலேயே ‘காண்ட்ரா’ ஆடக் கற்பித்தவர். சில ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த ஒரு விபத்தில் அவருடைய இடக்கைச் சுட்டுவிரலின் தசைநாண் அறுந்தது. தைத்தார்கள், விரல் இருக்கிறது, மடங்குவதில்லை. ‘சேகிரோ’வை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். அவ்விளையாட்டின் உயிர்நிலை, எதிரியின் வாள்வீச்சைத் தக்க கணத்தில் தட்டிவிடுவது. கட்டுப்பாட்டுக் கருவியில் அதற்குரிய பொத்தான் இடக்கைச் சுட்டுவிரலின் அடியில் இருக்கிறது. பொத்தானை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று சிலர் அறிவுரை கூறினர். மாற்றிக்கொண்டார். இப்போது தாக்குவதும் தடுப்பதும் வலக்கைக்கே வந்து சேர்ந்தன. ஒவ்வொரு தடுப்பும் ஓர் இமைப்பொழுது பிந்துகிறது. தொடக்கத்திலேயே குதிரைமீது வரும் கியோபு என்னும் தளபதியை அவரால் கடக்க இயலவில்லை. “கை ஒத்துழைக்க மாட்டேங்குது, நீ ஆடு, நான் பாக்கறேன்” என்று ஒருநாள் கருவியை என்னிடம் நீட்டினார். ஆகவே அக்குழுவினர் வழங்கிய அறிவுரையை அவர் ஏற்கெனவே பின்பற்றிக்கொண்டுதான் இருந்தார். அது போதவில்லை என்பதால்தான் கேட்டார்.

நான் ‘சேகிரோ’வை முடித்திருக்கிறேன். இறுதிப் பகைவனான இஷின் என் உறக்கத்தைத் தின்ற இரவுகளுக்குக் கணக்கில்லை. “ஆடத் தெரியாதவர்களின் புலம்பல்” என்ற வாயடைப்பு இப்பதிவின்மீது செல்லாது என்பதற்காக மட்டுமே இதைக் குறிப்பிடுகிறேன். மற்றபடி இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என் விரல்கள் மடங்குகின்றன, அவ்வளவே.

எதிர்த்தரப்பின் முதல் வாதம், படைப்பாளியின் நோக்கம். ‘சேகிரோ’ 2019 மார்ச்சில் வெளிவந்தபோது உலகெங்கும் இதே சண்டை நடந்தது. அதை இயக்கிய ஹிடேடாகா மியாசாகியின் நிலைப்பாடு அறிந்ததே: ஆடுவோர் அனைவரையும் ஒரே தளத்தில் நிறுத்தி, ஒரே தடையைக் கடந்த மகிழ்ச்சியை அனைவருக்கும் அளிக்க விரும்புகிறார், எனவே நிலைத் தேர்வு தருவதில்லை. இதை நான் எளிதில் தள்ளமாட்டேன். இழப்பும் மீள்முயற்சியுமே அவ்விளையாட்டின் கதை. சாவு அதன் இலக்கணத்தில் ஓர் உறுப்பு. இதுவரை சரி.

ஆனால் அதே விளையாட்டை முழுதாக ஆடியவர்கள் இரண்டு செய்திகளை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். அதன் மலைக்கோயிற் பகுதியில் ஒரு பேய்மணி தொங்குகிறது. அதை அடித்தால் எதிரிகள் அனைவரும் வலுப்பெறுவர். அவர்களிடம் கிடைக்கும் பொருள்களும் பெருகும். வேண்டாமென்றால் அந்தச் சாபத்தை நீக்கிக்கொள்ளவும் வழியுண்டு. மேலும், ஒருமுறை முடித்துவிட்டு மறுமுறை தொடங்கும்போது, குரோ என்னும் இளவல் தந்த தாயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடுத்தால், துல்லியமாகத் தட்டப்படாத ஒவ்வொரு வீச்சும் உயிரைக் கொஞ்சம் சுரண்டும். இவை என்ன? ஆடுவோர் தாமே தெரிவு செய்யும் கடினநிலைகள் அல்லவா? ஆக, ‘சேகிரோ’வில் நிலைத் தேர்வு இருக்கிறது. மேல்நோக்கி மட்டும் இருக்கிறது. ஏணிக்கு மேற்படிகளைச் சேர்ப்பதால் சிதையாத கலைநோக்கு, கீழே ஒரு படி வைத்தால் மட்டும் சிதையும் என்பதை யாரேனும் எனக்கு விளக்க வேண்டும்.

இன்னொன்று. ‘வெண்பா’ என்ற விளையாட்டை இக்குழுவினர் எவ்வாறு வரவேற்றனர் என்பதை நான் மறக்கவில்லை. கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களில் அங்குக் குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதியின் கதை. தாயின் சிதைந்த சமையற்குறிப்பேட்டைக் கொண்டு இட்டிலியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே ஆட்டம். இட்டிலித் தட்டுகளின் துளைகள் மாறிமாறி அமையுமாறு அடுக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் அதில் ‘போர்’. தவறினால் குடிமுழுகிப் போவதில்லை, மீண்டும் அடுக்கலாம். 2024இல் அதற்கு அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது கிடைத்தது. தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு விளையாட்டு அம்மேடை ஏறியதைக் கொண்டாடிய அதே குழுவில்தான், “இதெல்லாம் விளையாட்டா? சவாலே இல்லை, கொஞ்சமாவது கடினமாக்கியிருக்கலாம்” என்ற முணுமுணுப்பும் எழுந்தது. அப்போது படைப்பாளியின் நோக்கம் எங்கே போயிற்று? எளிமையாகத்தான் இருக்கவேண்டும் என்று ‘வெண்பா’வின் படைப்பாளிகள் கருதியது நோக்கம் ஆகாதா? கடினம் என்றால் கலைஞரின் தரிசனம், எளிமை என்றால் கலைஞரின் குறைபாடு! இங்கே காக்கப்படுவது படைப்பாளியின் நோக்கம் அன்று, மதிற்சுவர்.

படைப்பாளியை அரியணையில் ஏற்றுவோருக்கு ஒரு வரலாற்றுக் குறிப்பையும் நினைவூட்ட விரும்புகிறேன். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. என் வயதையொத்தவர்களுக்கு இது கிட்டத்தட்ட மந்திரம். ‘காண்ட்ரா’வின் தொடக்கத் திரையில் இதை அழுத்தினால் மூன்று உயிர்களுக்குப் பதிலாக முப்பது உயிர்கள் கிடைக்கும். அண்ணன் எனக்குக் கற்றுத்தந்த முதல் மனப்பாடம் இதுதான். ஆத்திசூடி அதன் பின்னரே வந்தது. இக்குறிமுறையை உருவாக்கியவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ. ‘கிராடியஸ்’ என்ற விளையாட்டை வீட்டுக் கருவிக்கு மாற்றும் பணியில் இருந்த அவர், ஆட்டம் மிகக் கடினமாக இருந்ததால் சோதித்துப் பார்க்கவே இயலாமல் தமக்காக இதைச் செருகினார். அது நீக்கப்படாமலே 1986இல் விளையாட்டோடு வெளிவந்தது. பின்பு ‘காண்ட்ரா’ முதலிய பலவற்றிலும் தொடர்ந்தது. உலகின் புகழ்பெற்ற எளிய நிலை, ஆட்டத்தை ஆக்கியவரே ஆட முடியாமல் வைத்துக்கொண்ட எளிய நிலை! நாம் அனைவரும் முப்பது உயிரோடு வளர்ந்தவர்கள். இன்று மீசை முளைத்ததும் மூன்று உயிரின் புனிதம் பேசுகிறோம்.

அடுத்தது, நான் உண்மையில் எழுத விரும்பிய பகுதி. “அனைவருக்கும் ஒரே கடினம்” என்ற தொடர். மொழியியல் பயின்ற எனக்கு இத்தொடரின் இலக்கணமே உறுத்துகிறது. கனம், நீளம், நிறம் ஆகியவை பொருளின் பண்புகள். கடினம் அவ்வாறானது அன்று. அது ஒரு பொருளுக்கும் அதை எதிர்கொள்பவருக்கும் இடையிலான உறவு. ‘கடினம்’ என்ற சொல்லுக்கு எப்போதும் ஒரு நான்காம் வேற்றுமை தேவைப்படுகிறது: யாருக்கு? அந்த ‘கு’ உருபை விழுங்கிவிட்டுத்தான் இவ்வாதம் முழுவதும் நடக்கிறது.

பாம்பூஃப்ளாட்டில் வளரும் எவருக்கும் இதை ஏட்டில் படிக்க வேண்டியதில்லை. எங்கள் பள்ளி வகுப்பில் தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் மலையாள, வங்காள, தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே இந்திப் பாடநூலை ஒரே ஆசிரியரிடம் படித்தோம். தமிழ்ப் பிள்ளைக்கு ‘க’வின் நான்கு வகைகளைப் பிரித்தொலிப்பதே பெரும்பாடு, வங்காளப் பிள்ளைக்கு அது பிறவியிலேயே வந்தது. ஆனால் நாற்காலி பெண்பால், கதவு ஆண்பால் என்று நினைவில் வைப்பதில் இருவரும் சேர்ந்தே திணறினோம். வங்காளத்தில் இலக்கணப் பால் இல்லை, தமிழிலோ அஃறிணைக்கு ஆண், பெண் இல்லை. நூல் ஒன்று, தேர்வு ஒன்று, கடினம் ஆளுக்கொன்று. இந்தி ஒரு கடினமான மொழியா என்று கேட்டால் எந்த மொழியியலாளரும் “யாருக்கு?” என்றே திருப்பிக் கேட்பார். நம் ழகரமும் அப்படியே. பிறமொழியாளர் அதைக் கண்டு மிரள்வதில் நமக்கொரு பெருமிதம். தமிழகத்தின் பல வட்டாரங்களில் அதை நாமே ளகரமாக ஒலிப்பதை மட்டும் கண்டுகொள்வதில்லை.

விளையாட்டுக்கு வருவோம். ஒரு நொடிக்கு 60 சட்டகங்கள் ஓடும் விளையாட்டில் ஒரு சட்டகத்தின் ஆயுள் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. ஒரு வீச்சைத் தட்டிவிட 12 சட்டகங்கள் தரப்படுகின்றன என்று கொள்வோம், 200 மில்லிநொடி. விலையுயர்ந்த திரையும் கம்பியிணைப்புள்ள கருவியும் வைத்திருப்பவருக்கு அதில் பெரும்பகுதி கைக்கு வந்து சேரும். மலிவான தொலைக்காட்சியில், படத்தை அழகுபடுத்தும் வேலையை அது முடித்துவிட்டுக் காட்டுவதற்குள் 100 மில்லிநொடி கழிந்திருக்கலாம். ஆறு சட்டகங்கள் போயின. பழைய கணினியில் ஓட்டம் பாதியாகத் திக்கினால் இன்னும் சில போகும். நாற்பதைக் கடந்த கண், மடங்காத விரல், பகலெல்லாம் வேலை செய்து களைத்த உடல் ஆகியவை தம் பங்கைக் கழித்துக்கொள்ளும். மியாசாகி எல்லாருக்கும் ஒரே எண்ணைத்தான் கொடுத்தார். ஒரே அனுபவத்தைக் கொடுக்கவில்லை. அது எவராலும் இயலாது. ஒரே எண்ணைக் கொடுத்தால் அனுபவங்கள் சிதறும். ஒரே அனுபவத்தை விரும்பினால் எண்களை மாற்றித்தான் ஆகவேண்டும். அவருடைய நோக்கத்தை நான் அவரைக் காட்டிலும் மெய்யாக ஏற்கிறேன் என்றுகூடச் சொல்வேன். இறுமாப்பாகத் தோன்றினால் தோன்றட்டும்.

இந்த இடத்தில் என் துறையிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்குகிறேன்: மொழிபெயர்ப்பு. ‘சேகிரோ’ ஜப்பானியர் ஜப்பானின் போர்க்கால வரலாற்றைப் பின்புலமாகக் கொண்டு ஆக்கிய விளையாட்டு. நாம் அதை ஆங்கிலத் துணையெழுத்தோடு ஆடினோம். ஆங்கிலத்தில் பேசும் குரல்களைக்கூடத் தேர்ந்துகொள்ள வழியிருக்கிறது. கதைமாந்தரின் ஒவ்வொரு சொல்லையும் மாற்றிவிட்டபோது “நோக்கம் சிதைந்தது, ஜப்பானியம் கற்றுக்கொண்டு வா” என்று எவரும் நம்மை விரட்டவில்லை. நம்மிடம் வந்து சேர்வதற்காக ஆட்டத்தின் மேற்பரப்பு மாறலாம் என்று ஒப்புக்கொண்டோம். (அம்மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை, எந்த இந்திய மொழியும் இல்லை. ஆங்கிலம் அறியாத ஒரு சிறுவன் அதைத் தடவித்தடவி ஆடுகிறான் என்றால் அவன் ஆடுவது நம்மைவிடக் கடினமான நிலையில். அவனுக்கு யாரும் பதக்கம் தருவதில்லை.) சொற்களுக்கு மொழிபெயர்ப்பு உண்டென்றால் வேகத்துக்கு ஏன் இருக்கக்கூடாது? கடினநிலைத் தேர்வு என்பது ஆக்கியோனே தன் ஆட்டத்தை இன்னோர் உடலின் மொழிக்குப் பெயர்த்துத் தருவது.

மொழிபெயர்ப்பில் இழப்பு உண்டு. மறுக்கவில்லை. மு. வரதராசனாரின் ‘திருக்குறள் தெளிவுரை’ 1949இல் வந்தது. சட்டைப் பையில் அடங்கும் அந்நூலை வைத்துக் குறள் படித்தவர்கள் எத்தனை தலைமுறையினர்! பரிமேலழகரின் நுட்பம் அதில் இல்லை. ஆனால் அது வந்ததால் பரிமேலழகர் காணாமற்போய்விடவில்லை. தெளிவுரையிற் கால்வைத்தவர்களிற் சிலர் பின்பு பரிமேலழகரிடம் சென்றார்கள், சிலர் செல்லவில்லை. செல்லாதவர்களால் சென்றவர்களுக்கு எள்ளளவும் குறையில்லை. ‘நன்னூலு’க்குக் காண்டிகையுரையும் விருத்தியுரையும் வெவ்வேறாக எழுதிய மரபு நம்முடையது. எந்த மாணாக்கனுக்கு எது என்று கண்டு கொடுப்பதைப் புலமைக்கு இழுக்கென்று அவர்கள் கருதியதாகத் தெரியவில்லை. “உரையைப் படித்தவன் மூலத்தைப் படித்தவன் ஆகமாட்டான்” என்று இதற்கு மறுமொழி வரும்; வரவேண்டும். ஆமாம், ஆகமாட்டான். என் அண்ணன் எளிய நிலையில் கியோபுவை வீழ்த்தினால் நான் வீழ்த்தியது போன்றது அன்றுதான். அதை அவர் என்னிடம் மறைக்கப் போவதும் இல்லை. இதில் களவு போனது எது?

“உழைத்துப் பெற்றதன் மதிப்பு குறையும்” என்ற மூன்றாவது புலம்பலை நெடுநேரம் தாங்க இயலவில்லை. சதுரங்கச் செயலிகள் எல்லாவற்றிலும் நிலைத் தேர்வு இருக்கிறது. லிச்செஸ் தளத்தில் ஸ்டாக்ஃபிஷ் என்னும் பொறி ஒன்றாம் நிலை முதல் எட்டாம் நிலைவரை இறங்கியும் ஏறியும் ஆடும். முதல் நிலையில் அதை வென்று கூத்தாடும் ஒரு சிறுமியால், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் வென்ற பட்டத்தின் ஒளி மங்கிவிட்டதா? தன் வெற்றி மற்றவரின் இயலாமையில்தான் நிற்கிறது என்று நினைப்பவரிடம் உள்ள சிக்கல் விளையாட்டு வடிவமைப்பைச் சார்ந்தது அன்று.

நம் தெரு விளையாட்டுகளில் இச்சிக்கல் எப்போதோ தீர்க்கப்பட்டுவிட்டது. பெரிய பிள்ளைகள் ஓடிப்பிடித்து ஆடும்போது நான்கு வயதுத் தங்கையும் வந்து நிற்பாள். அவளை விரட்டுவதில்லை. அவள் பிடிபட்டால் கணக்கில்லை. அவள் பாட்டுக்கு ஓடுவாள். அதற்குப் பெயர் ‘ஒப்புக்குச் சப்பாணி’. ஒரு சிற்றூர்ப் பிள்ளைக் கூட்டம் கணினி பிறக்கும் முன்பே கண்டுபிடித்த எளிய நிலை அது. ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. இரு தரப்புக்கும் வலிமை வேறு, நகர்வு வேறு. ஆயினும் அது ஒரே ஆட்டம்தான், அதைப் பற்றிய பேச்சும் ஒன்றுதான்.

ஆனால் அந்தப் பெயரில் ஒரு நஞ்சு இருக்கிறது. அதையும் சொல்லாமல் கடக்கக்கூடாது. நடக்க இயலாதவரைக் குறிக்கும் இழிசொல்லைத்தான் அக்குழந்தைக்கு அடையாளமாக ஒட்டினோம். இடம் கொடுத்தோம், ஏளனத்தோடு கொடுத்தோம். வீடியோ விளையாட்டுகளும் இதையே செய்தன. 1992இல் வந்த ‘உல்ஃபென்ஸ்டைன் 3டி’யில் ஆகத் தாழ்ந்த நிலையைத் தெரிவு செய்தால் நாயகனின் தலையில் குழந்தைக் குல்லாயும் வாயில் சூப்பானும் தோன்றும், அந்நிலையின் பெயர், தானும் ஆடலாமா என்று அப்பாவிடம் கெஞ்சும் ஒரு மழலைக் கேள்வி. 2018இல் வெளிவந்த ‘செலெஸ்டி’யின் ஆக்கியோர் இதில் நேர்மையாக நடந்தனர். அவ்விளையாட்டில் உள்ள உதவி நிலையில் ஆட்டத்தின் வேகத்தைப் பத்துப் பத்து விழுக்காடாகக் குறைக்கலாம், களைப்பை நீக்கலாம், இறவாமையைக்கூடப் பெறலாம். ஆனால் அதைத் திறக்கும்போது தோன்றிய முன்குறிப்பு, மூலத்தில் இருந்தபடி ஆடுவதே முறை என்ற தொனியில் அமைந்திருந்தது. உதவி நிலையின்றி ஆடவே இயலாதவர்கள் அதை வாசிக்கும்போது என்ன உணர்வார்கள் என்று சிலர் சுட்டிக்காட்டினர். 2019இல் அச்சொற்களை மாற்றினார்கள். நிரலில் ஒரு வரிகூட மாறத் தேவையில்லை, சொற்றொடர் மட்டும் மாறியது. நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட துறைக்கு இவ்வுலகில் ஏதேனும் பயன் உண்டா என்று ஐயம் வரும் நாள்களில் இதை நினைத்துக்கொள்வேன்.

“மாட் போட்டுக்கொள்ளலாமே” என்பது நான்காவது. இணையத்திலிருந்து மாற்றுநிரலை இறக்கி வேகத்தைக் குறைத்துக்கொள்வது. சொல்பவர்கள் சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து இத்தீவுகளுக்குக் கடலடி இழைவடம் வந்து சேர்ந்தது 2020 ஆகஸ்ட் 10 அன்று. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அதற்கு முன் எங்கள் இணையம் செயற்கைக்கோளின் கருணை. ஒரு பாடலை இறக்க வைத்துவிட்டுப் படகேறிச் சாத்தம் போய்த் திரும்பலாம். விளையாட்டுகள் சென்னையிலிருந்து வருவோரின் பென்டிரைவில்தான் வந்தன. திருத்தமோ சேர்க்கையோ வராது. வந்த நாளில் எது உள்ளே இருந்ததோ அதுவே எங்களுக்கு முழு விளையாட்டு. பட்டியலில் எளிய நிலை இருந்தால் இருந்தது, இல்லையேல் இல்லை. இப்போது வடம் வந்துவிட்டது. வடம் போகாத ஊர்கள் இன்னும் எத்தனையோ. தவிர, ஆக்கியவர் செய்யவேண்டியதை யாரோ ஓர் ஆர்வலர் ஊதியமின்றிச் செய்துவிடுவார் என்று கைகாட்டுவது வாதமா, தட்டிக்கழிப்பா?

நிலைத் தேர்வை ஆதரிப்போரிடமும் எனக்குச் சண்டை உண்டு. எதிரியின் உயிரை இரட்டிப்பாக்கிவிட்டு அதற்குக் ‘கடினம்’ என்றும், பாதியாக்கிவிட்டு ‘எளிது’ என்றும் பெயரிடும் சோம்பேறித்தனத்தை நாம் கொண்டாடக் கூடாது. அது அகராதியை வைத்துச் சொல்லுக்குச் சொல் செய்த மொழிபெயர்ப்பு. நல்ல மொழிபெயர்ப்பு எப்படி இருக்கும் என்பதற்கு 2020இல் முழுமையாக வெளிவந்த ‘ஹேடீஸ்’ சான்று. அதில் ‘கடவுள் நிலை’யைத் தெரிவு செய்தால் ஆடுவோர் படும் அடியில் 20 விழுக்காடு குறையும், ஒவ்வொரு முறை இறக்கும்போதும் மேலும் 2 விழுக்காடு குறைந்துகொண்டே போய் 80இல் நிற்கும். இறந்து இறந்து திரும்பிவருவதுதான் அவ்விளையாட்டின் கதையும்கூட. கதையின் இலக்கணத்துக்குள்ளேயே எளிமையை வைத்தார்கள். அதே ஆண்டு வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’இல் அறுபதுக்கு மேற்பட்ட அணுகல் அமைப்புகள், பார்வையற்றோர் அதைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஆடி முடித்தனர். கடினம் என்பது ஒரே திருகாணி அன்று. வேகம், தடுக்கும் கணத்தின் அகலம், எதிரியின் எண்ணிக்கை, மீண்டெழும் இடத்தின் தொலைவு எல்லாம் தனித்தனித் திருகாணிகள். என் அண்ணனுக்கு எதிரி மெலிந்தவனாக வேண்டியதில்லை. வாள் வந்து சேர்வதற்கு இன்னும் ஐந்து சட்டகங்கள் வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டதன் அளவு.

இன்னொரு பழங்கதை. 1977இல் வந்த அட்டாரி 2600 கருவியின் உடலிலேயே கடினநிலைக்கான விசைகள் இருந்தன. ஒன்றல்ல, இரண்டு, இடப்பக்க ஆட்டக்காரருக்கு ஒன்று, வலப்பக்கத்தவருக்கு ஒன்று. தேர்ந்த தாய் தனக்குக் கடினத்தையும் புதிதாய் ஆடும் மகனுக்கு எளிமையையும் வைத்துக்கொண்டு ஒரே ஆட்டத்தை ஆடலாம். அதே காலத்தில் கடைகளில் நின்ற நாணய இயந்திரங்களிலும் கடினத்தை மாற்றும் சிறு விசைகள் இருந்தன, பெட்டிக்கு உள்ளே. சாவி கடைக்காரரிடம். ஆட்டம் விரைவில் முடிந்தால் அடுத்த நாணயம் விழும். அக்கடினத்தில் கலைநோக்கு எவ்வளவு, கல்லாப்பெட்டி எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. விசை வீட்டிலா, கடைக்காரரிடமா என்பதுதான் தொடக்கம் முதலே கேள்வி. நீங்கள் கடைக்காரரின் பக்கம் நின்றுகொண்டு அதற்குக் கலை என்று பெயர் சூட்டுகிறீர்கள்.

சட்டம் போட்டு எல்லா விளையாட்டிலும் எளிய நிலையைத் திணிக்கச் சொல்லவில்லை. பலர் கூடி ஒருவரையொருவர் எதிர்க்கும் ஆட்டங்களில் அது பொருந்தாது. அது வேறு விவாதம். தனியர் ஆடும் ஒரு விளையாட்டை ஆக்கியவர் மறுத்தால் மறுக்கட்டும், அது அவர் உரிமை. அம்மறுப்பைக் குறைபாடு என்று சொல்லும் உரிமை எனக்கு வேண்டும். ஆக்கியவரும் அல்லாத, நட்டமும் அடையாத மூன்றாமவர் வாசலில் நின்று சீட்டுக் கிழிப்பதைத்தான் நான் ஒப்பவில்லை.

எங்கள் ஊரிலிருந்து போர்ட் பிளேருக்கு (பெயர் மாறி ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, நாக்கு இன்னும் மாறவில்லை) வளைகுடாவைப் படகில் கடக்கலாம். ஃபெரார்கஞ்ச் வழியாகச் சாலையில் சுற்றிக்கொண்டும் போகலாம். சந்தையில் யாரும் “எப்படி வந்தாய்?” என்று கேட்டு மீனுக்கு விலை சொல்வதில்லை.

அண்ணன் அக்குழுவிலிருந்து விலகிவிட்டார். நான் விலகவில்லை, இப்பதிவின் இணைப்பை அங்கே இடுவதற்காகவே இருக்கிறேன். ‘சேகிரோ’ இன்னும் அவர் கணினியில் கியோபுவின் முன் உறைந்து நிற்கிறது. ஐந்து மாதங்களுக்கு முன் அவருக்குச் ‘செலெஸ்டி’யைக் கொடுத்தேன். உதவி நிலையில் 70 விழுக்காடு வேகத்தில் தொடங்கினார். இறவாமையைத் தொடவில்லை; “அது இருந்தா எதுக்கு ஆடணும்?” என்றார். மூன்றாம் அத்தியாயத்தில் தாமாகவே 80க்கு ஏற்றினார். ஏழாம் அத்தியாயத்தில் மலையுச்சியை அடைந்தபோது வேகம் 90. இரவு இரண்டு மணிக்கு எனக்கொரு படம் அனுப்பியிருந்தார். அவ்விளையாட்டு இறப்புகளை எண்ணிக் காட்டும்; திரையில் 6,214 என்றிருந்தது. கீழே ஒரே வரி: “ஏறிட்டேன்.”

இப்போது கூடுதல் கடினமான பி-பக்கங்களைத் தொடங்கியிருக்கிறார். வேகத்தை மீண்டும் 80க்கு இறக்கியிருக்கிறாராம்.